வாசிப்பைக் கேட்க ஒரு காது

'தொடக்கப் பள்ளியும் தன்னார்வலரும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் ஒன்றில் போய்விடுகிறார்கள். ஒரு சாரார் தன்னார்வலர்களின் தொண்டுள்ளத்தைப் புகழ்ந்து, சால்வை போர்த்தி, கூட்டத்தை முடித்துவிடுவார்கள். இன்னொரு சாரார், அரசு தன் கடமையை ஊரார் தலையில் கட்டப் பார்க்கிறது என்று சொல்லி அந்த ஏற்பாட்டையே ஒதுக்கிவிடுவார்கள். இருவருமே கேட்காமல் தாண்டிப்போகும் கேள்வி ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியரால் கொடுக்க முடியாத எதை, அந்தப் பயிற்சி இல்லாத ஒரு தன்னார்வலரால் எழுத்துக் கற்கும் குழந்தைக்குக் கொடுக்க முடியும்? இதற்கு விடை தெரியாதவரை புகழ்ச்சிக்கும் பொருளில்லை, சந்தேகத்துக்கும் பொருளில்லை. என் விடை மிகச் சிறியது: குழந்தை வாய்விட்டு வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள். இந்தச் சிறிய வேலைக்கென்று தன்னார்வலரை வைத்துக்கொண்டால் பலன் பெரிது; அதை மீறி வேறு எதற்கு இழுத்தாலும் பலனும் போய், பள்ளிக்கும் கேடு வந்து சேரும். இதுதான் நான் இன்று நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் தமிழ் வாசிப்பு என்கிற வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் என்று கணக்குச் சொல்கிறோம். எந்தக் குழந்தையும் 247 வடிவங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. அடிப்படை வடிவங்களையும் துணைக்கால், கொம்பு, சுழி முதலான குறிகளையும் அறிந்துகொண்டு, அவற்றைச் சேர்க்கக் கற்கிறது. சிக்கல் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கௌ' என்பதில் பின்னால் நிற்பது ளகரம் போலவே இருக்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாடும் ரகர, றகர வேறுபாடும் பல வட்டாரங்களின் பேச்சில் கரைந்துவிட்டவை. அவற்றைக் காதால் பிரித்தறியாத பிள்ளை கண்ணால் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு மேல், வீட்டில் 'வந்துச்சு' என்று பேசி வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் 'வந்தது' என்று வாசிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் வாக்கியத்தின் முடிச்சு கடைசிச் சொல்லில் இருக்கிறது. 'மாடு வயலில் இறங்கிப் பயிரை மேயவில்லை' என்ற வாக்கியத்தில், மேய்ந்ததா இல்லையா என்பது கடைசிச் சில எழுத்துகளில்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கிற குழந்தை 'மேயவில்லை' என்பதற்கு வந்து சேர்வதற்குள் மாட்டை மறந்துவிடும். ஆகவே எழுத்து தெரிவது மட்டும் போதாது; தடையில்லாமல் ஓடுகிற சரளம் வந்தால்தான் பொருள் கிடைக்கும். அந்தச் சரளம் விளக்கம் கேட்பதால் வருவதில்லை. நாள்தோறும் வாய்விட்டு வாசிப்பதால் வருகிறது. தடுக்கும் இடத்தில் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால் விரைவாக வருகிறது.

அந்த ஆள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாரா? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ 5. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாலும் ஓர் ஆசிரியர் இரண்டு, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அவரிடம் 25 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒரு மணி நேரத்தை முழுக்க வாசிப்புக்கே ஒதுக்கி, ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஒரு பிள்ளைக்கு இரண்டரை நிமிடம்கூடத் தேறாது. ஒரு பிள்ளை வாசிக்கும்போது மற்ற 24 பேர் சும்மா இருக்க வேண்டும்; அது எந்த வகுப்பிலும் நடக்காது. இதில் 'எமிஸ்' என்ற கல்வித் தகவல் தளத்தில் செய்ய வேண்டிய பதிவேற்றமும், அதே சட்டம் விதிவிலக்காக அனுமதிக்கிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் பணிகளும் சேர்ந்துகொள்கின்றன. எனவே எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டு வாசிக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குரலில் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்வது எளிது. படித்த தாய் தகப்பன் உள்ள வீட்டில் இந்தக் குறை மாலையில் சரியாகிவிடுகிறது; கொஞ்சம் பணம் உள்ள வீட்டில் டியூஷனில் சரியாகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் வீட்டில் கேட்க ஆள் இல்லை. கிராமப்புற வீடுகளுக்கே சென்று அளவிடும் 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் ஏறத்தாழ பத்தில் ஒருவர். கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் இருபதில் ஒருவர்கூட இல்லை. 2024இல் பழைய நிலைக்கு மீண்டு, சற்று மேலேயும் போயிருக்கிறது. அந்த அளவீட்டின் முறை பற்றிக் கல்வித் துறையில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும், மீண்டு வந்த அந்தப் பழைய நிலையே பெருமைப்படத் தக்கது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி, ஊரார் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்பதற்கான சான்றுகளைப் பார்ப்போம். இந்தத் துறையில் நம் நாட்டிலேயே நுணுக்கமான ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு 'பால்சகி' என்ற திட்டத்தை நடத்தியது. பால்சகி என்றால் குழந்தையின் தோழி. அதே பகுதியில் வசித்த, உயர்நிலைப் பள்ளி வரை படித்த இளம்பெண்கள், மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை பெற்றுக்கொண்டு, 3, 4ஆம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தனியே அழைத்துச் சென்று, நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலாளர்கள் இதை மதிப்பிட்டார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. மிகப் பின்தங்கிய பிள்ளைகளுக்கே பயன் அதிகம். அந்த ஆய்வில் எல்லாரும் மேற்கோள் காட்டும் செய்தி இதுதான். என் வாதத்துக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. 15, 20 பேர் வெளியே போய்விட்டதால் வகுப்பில் எஞ்சிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் அத்தனை நேரம் குறைந்தது. அப்படியும் எஞ்சியவர்களின் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. வகுப்பில் தலைக்கணக்கைக் குறைப்பது மட்டும் பலன் தரவில்லை. பிள்ளை நிற்கிற படியிலிருந்து தொடங்கி, அந்தப் பிள்ளைக்கென்று ஒருவர் நேரம் ஒதுக்கியதுதான் பலன் தந்தது.

அடுத்த சான்று உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்திலிருந்து வருகிறது. 2005, 2006 ஆண்டுகளில் 280 கிராமங்களை நான்கு குழுக்களாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழுவில் எதுவும் செய்யவில்லை. இன்னொன்றில் ஊர்க்கூட்டம் போட்டுக் கல்விக் குழுவின் உரிமைகளை எடுத்துச் சொன்னார்கள். மூன்றாவதில், பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஊர் மக்களே சோதித்துப் பட்டியல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான்காவதில் இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தச் சொன்னார்கள். கூட்டமும் பட்டியலும் பள்ளியை அசைக்கவில்லை, கற்றலும் உயரவில்லை. வாசிப்பு முகாமோ பலன் தந்தது. எழுத்தே தெரியாமல் முகாமுக்கு வந்த பிள்ளைகள் ஓராண்டுக்குள் எழுத்துகளை அடையாளம் கண்டார்கள். எழுத்து தெரிந்து வந்தவர்கள் சொல்லுக்கும் பத்திக்கும் முன்னேறினார்கள். ஆனால் முகாமுக்கு வந்தவர்கள் மிகச் சிலர். அந்தக் கிராமங்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான். எழுத்தே தெரியாத பிள்ளைகளிலும் பெரும்பாலோர் வரவில்லை. மருந்து வேலை செய்கிறது, நோயாளியோ வைத்தியசாலைக்கு வரவில்லை என்பது போன்ற முடிவு இது. பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்கும் தொண்டுக்கு இப்படி ஓர் எல்லை உண்டு.

அப்படியானால் தன்னார்வலரைப் பள்ளிக்கு உள்ளேயே கொண்டுவந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். 2008 முதல் 2010 வரை பீகாரிலும் உத்தராகண்டிலும் நடந்த ஆய்வில், பாடப்பொருளும் ஆசிரியர் பயிற்சியும் தன்னார்வலரும் வெவ்வேறு சேர்க்கைகளில் சோதிக்கப்பட்டன. பீகாரில் தன்னார்வலர்கள் பெரும்பாலும் பள்ளி நேரத்துக்கு வெளியே, வாசிப்புக்கென்றே வகுப்பு நடத்தினார்கள், பிள்ளைகள் முன்னேறினார்கள். உத்தராகண்டில் தன்னார்வலர்கள் பள்ளிக்குள் பணியாற்றினார்கள், பலன் ஏதுமில்லை. காரணம் எளிமையானது. ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில், கைக்கு அகப்பட்ட தன்னார்வலரை வழக்கமான வகுப்பைப் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டார்கள். வாசிப்பைக் கேட்க வந்தவர் வகுப்பைக் கட்டி மேய்க்கும் ஆளாக மாறினார்; பள்ளிக்கு ஓர் அரைகுறை ஆசிரியர் கிடைத்தார், பிள்ளைக்குக் காது கிடைக்கவில்லை. ஜவுன்பூரையும் உத்தராகண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வழி தெரிகிறது. தன்னார்வலரின் வேலை பள்ளியோடு கட்டுண்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதே சமயம் பள்ளியின் அன்றாட வேலைக்குள் அது கரைந்துவிடாதபடி தனி நேரமும் தனி இலக்கும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 'இல்லம் தேடிக் கல்வி' இந்த இரண்டையும் ஓரளவு இணைத்துப் பார்த்த முயற்சி. பெருந்தொற்றால் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இத்திட்டம் தொடங்கியது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே, பிள்ளைகளின் குடியிருப்பிலேயே, 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பது அப்போதைய ஏற்பாடு. தொடக்க வகுப்புகளுக்கு பிளஸ் டூ படிப்பும், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் தகுதியாக இருந்தன. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட, 2021 டிசம்பரில் கணக்கில் 0.73 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்னடைவு இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம். மீட்சியிலும் அவர்களே அதிகம் பயன் பெற்றார்கள். இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். மாலை நேரத்து ஒன்றரை மணியும் மாதம் ஆயிரம் ரூபாயும் சேர்ந்து மீட்சியில் கால் பங்கைத் தந்தன என்பது வியப்பூட்டும் செய்தி. எஞ்சிய முக்கால் பங்குக்கு, பள்ளிக்கூடம் திறந்து ஆசிரியர் வகுப்புக்கு வந்ததைவிடப் பெரிய காரணம் எதையும் காட்ட முடியாது என்பதும் அதே செய்தியின் மறுபக்கம். தன்னார்வலரால் எல்லாம் ஆகும் என்பவருக்கும், தன்னார்வலரால் ஒன்றும் ஆகாது என்பவருக்கும் அந்த ஒரே கணக்கு பதில் சொல்லிவிடுகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, ஆசிரியர் இயக்கங்கள் எழுப்புவது: இன்று துணைக்கு வருகிறவர் நாளை மாற்றாக வைக்கப்படுவார், காலிப் பணியிடம் காலியாகவே கிடக்கும். இது வீண் அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். வரலாறு அந்த அச்சத்தின் பக்கம் நிற்கிறது. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த மாணவன் இளையவர்களைப் படிக்க வைத்து, ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்பான். 1789இல் சென்னை எழும்பூரின் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே உள்நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் தன் பள்ளியில் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அங்கே அது பரவியதற்குப் பெரிய காரணம் மலிவு: ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். திண்ணையில் ஆசிரியருக்குத் துணையாக இருந்த ஒரு வழக்கம், ஆலைத் தொழில் பெருகிய நாட்டில் ஆசிரியருக்குச் செலவு செய்யாமல் இருப்பதற்கான சூத்திரமாகிவிட்டது. பின்னால் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தபோது அந்த முறை தானே ஒதுங்கியது.

ஆகவே அச்சத்துக்கு நான் தரும் பதில், வாக்குறுதி அல்ல, வேலைப் பிரிவினை. பாடம் நடத்துவது, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கணிப்பது, எதை எந்த வரிசையில் கற்பிப்பது என்று தீர்மானிப்பது, தேர்வு, மதிப்பீடு ஆகியவை ஆசிரியருடையவை. அவர் குறித்துக் கொடுத்த பிள்ளை, அவர் குறித்துக் கொடுத்த பக்கத்தை வாசிப்பதைக் கேட்பதும், எங்கே தடுக்கியது என்று எழுதி அவரிடமே திருப்பிக் கொடுப்பதும் தன்னார்வலருடையவை. தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிப்பது ஊர் முழுதும். ஆனால் திருப்பத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவதற்கு அந்த வேலை தெரிந்த சிலர்தான் இருப்பார்கள். வடம் பிடிக்க ஆள் திரண்டது என்பதற்காக முட்டுக்கட்டைக்காரரை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. கூட்டம் கூடக்கூட அவர் தேவை அதிகமாகிறது. தன்னார்வலர் வருகிற பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டால் குறித்துக் கொடுக்கவும் ஆள் இல்லை, குறிப்பைப் படிக்கவும் ஆள் இல்லை. எனவே பணியிடம் நிரம்பாத பள்ளியில் தன்னார்வலரைக் கொண்டு வகுப்பை ஓட்டக் கூடாது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானமாகவே எழுதி வைக்க வேண்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். அந்தப் பெரும்பான்மைக்கு இதைவிட நல்ல பயன்பாடு கிடையாது.

இரண்டாவது மறுப்பு தகுதியைப் பற்றியது. இரண்டு ஆண்டு பட்டயப் படிப்பு படித்து, தகுதித் தேர்வு எழுதி வந்தவர் செய்ய வேண்டிய வேலையைச் சில நாள் பயிற்சி பெற்றவர் செய்யலாமா என்கிறார்கள். கற்பிப்பது அவர் வேலை என்றால் செய்யக் கூடாது என்பதே என் பதிலும். கேட்பது வேலை என்றால் அதற்கு வேண்டிய திறமை வேறு: பொறுமை, ஒழுங்கு, பிழையைக் கண்டு முகம் சுளிக்காத பழக்கம். இவற்றையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். படித்த பெரியவர்கள் செய்யும் முதல் தவறு, பிள்ளை தடுக்கிய கணமே சொல்லைச் சொல்லிவிடுவது. சற்றுக் காத்திருந்தால் பிள்ளை தானே எழுத்தைச் சேர்த்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிடும். இரண்டாவது தவறு, ழகர உச்சரிப்பைத் திருத்துவதில் இறங்கிக் கதையைத் தொலைத்துவிடுவது. மூன்றாவது தவறு, 'வந்துச்சு' என்று சொன்னதற்காகப் பிள்ளையைக் கண்டிப்பது. அப்படிச் சொன்ன பிள்ளை 'வந்தது' என்ற சொல்லின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அது பாராட்டத்தக்க செயல். இந்த இடத்தில் அதே தெருவில் வசிக்கும் தன்னார்வலருக்கு ஒரு வசதி இருக்கிறது. பிள்ளையின் பேச்சுமொழி அவருடைய பேச்சுமொழியும்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை ஆகியோருக்கு அந்த வசதி இன்னும் பெரிது. மாவட்டம் மாறி வந்த ஆசிரியருக்கு அந்தப் பேச்சு பழகப் பல மாதம் ஆகலாம்.

மூன்றாவது மறுப்பு நம்பிக்கையைப் பற்றியது. தேசியக் கல்விக் கொள்கை 2020 தன்னார்வலர்களைப் பற்றிப் பேசுவதாலும், ஊரார் என்ற பெயரில் யாரும் நுழையலாம் என்பதாலும், மதவாதமும் சாதியும் பள்ளிக்குள் வந்துவிடும் என்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோதே பலர் எச்சரித்தார்கள். சாதியைப் பற்றிய எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். 'ஊர்' என்ற சொல்லே நம் கிராமங்களில் 'சேரி' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக இருந்து வந்திருக்கிறது. ஊரார் வருகிறார்கள் என்றால் எந்தத் தெரு ஆள், எந்தத் திண்ணையில், யார் பிள்ளையை உட்கார வைக்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும். ஒரு தெருவின் வீட்டு வாசலுக்கு மறு தெருவின் பிள்ளை வர முடியாது என்றால், அந்த மையம் எழுத்தோடு சேர்த்துத் தீண்டாமையையும் கற்பிக்கும். இதற்கு நடைமுறையில் கைக்கு எட்டும் தீர்வு இடம்தான்: பள்ளி வளாகம், நூலகம், அங்கன்வாடி என்று எல்லாருக்கும் பொதுவான கட்டடத்தில் நடத்துவது. கருத்துத் திணிப்புக்கும் அதுபோன்ற தீர்வு உண்டு. வாசிக்கும் புத்தகத்தை ஆசிரியர் கொடுக்கட்டும். தன்னார்வலர் தன் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டாம். குழந்தைகளின் பாதுகாப்புக்கு இன்னும் கண்டிப்பான விதி வேண்டும். கதவு திறந்த, பலர் பார்வையில் இருக்கிற இடம். தனியறையில் தனிப்பிள்ளை என்பது எந்நாளும் கூடாது. யார் வந்தார், எப்போது போனார் என்ற பதிவு கட்டாயம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் குற்றம் நடந்த பின்னர் தண்டிக்கும். குற்றத்துக்கு இடமே கொடுக்காதிருப்பது இந்தச் சிறு விதிகளின் வேலை.

நான்காவது மறுப்பு, இதெல்லாம் நீடிக்காது என்பது. தொண்டு ஓர் அலை, எழும், அடங்கும். 1990களின் அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்று, சாலையில் ஓட்டிச் சென்றார்கள். அந்தச் சைக்கிள் அவர்கள் வாழ்க்கையில் நிலைத்தது. எழுத்தோ, தொடர்ந்து வாசிக்க எதுவும் கிடைக்காதவர்களிடம் மங்கிப் போயிற்று. கற்றதைப் பயன்படுத்த வாய்ப்பு இருந்தது நிலைத்தது, இல்லாதது மறைந்தது. குழந்தைகள் விஷயத்தில் ஒரு பெரிய சாதகம் இருக்கிறது: பள்ளிக்கூடம் ஆண்டுதோறும் நடக்கிற நிறுவனம், வாசிப்பின் தேவை அங்கே தீர்வதே இல்லை. நீடிக்கும் வழியைப் பற்றி யோசிக்கும்போது உழைப்பின் விலையையும் பேச வேண்டும். 2021-22 கணக்கின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பட்டம் பெற்றுத் திருமணமாகி, வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டோடு இருக்கும் பெண்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதால்தான் 2 லட்சம் தன்னார்வலர்கள் கிடைத்தார்கள். அவர்களுடைய வேலையின்மையைத் தொண்டு என்று பெயர் சூட்டி மலிவாக வாங்கிக்கொள்வது நியாயமில்லை. 2012இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 16,000க்கும் மேற்பட்டோர் பகுதிநேர ஆசிரியர்களாகச் சொற்பச் சம்பளத்துக்கு எடுக்கப்பட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் பணிநிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்றதை மறக்க முடியாது. வாரம் 20 மணி நேரம் வாங்கினால் அது வேலை. வேலைக்கு ஊதியமும் பாதுகாப்பும் தர வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் கேட்டால் அது தொண்டு. அதைப் பலரிடம் கேட்கலாம், ஆணிடமும் கேட்கலாம், ஓய்வு பெற்றவரிடமும் கல்லூரி மாணவரிடமும் கேட்கலாம். ஒருவர் நின்றுபோனாலும் ஏற்பாடு நிற்காது. சிலரிடம் நிறைய வாங்குவதைவிடப் பலரிடம் கொஞ்சம் வாங்குவதே நீடிக்கும்.

இந்த வாதங்களையெல்லாம் ஓர் ஊர்ப் பள்ளியின் அளவுக்குச் சுருக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் 15 பேர் என்று கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு 15 நிமிடம், வாரம் நான்கு நாள் என்றால், மொத்தம் 15 மணி நேரம். ஆளுக்கு இரண்டு மணி நேரம் தருகிறவர்கள் எட்டுப் பேர் இருந்தால் போதும். எட்டுப் பேர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கும் பழக்கம் நம் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. வாசிக்கப் புத்தகங்களும் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. பல பள்ளிகளில் குறைவது அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காரும் ஆள்தான். பிள்ளைக்கு 'மெல்லக் கற்பவர்' என்ற பட்டத்தை மட்டும் சூட்ட வேண்டாம். வாசிப்பு நேரத்துக்கு நன்றாக வாசிக்கும் பிள்ளைகளும் முறை வைத்து வரட்டும். அப்போது அங்கே போவது குறையின் அடையாளமாக இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பத்தியை வாசிக்கச் சொல்லி ஆசிரியர் பார்க்கட்டும். முன்னேற்றம் இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும்; தன்னார்வலரின் மனம் நோகுமே என்று தயங்கக் கூடாது.

வந்திருப்பவர்களில் எழுத்தறிந்த பெரியவர்கள் பலர். உங்களிடம் நிதி கேட்கவில்லை, பள்ளிக்கு வண்ணம் பூசக் கேட்கவில்லை, ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கவும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியரிடம் உங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அவர் காட்டுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை வாசிக்கட்டும். தடுக்கினால் சற்றுப் பொறுங்கள். பிறகும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுங்கள். பக்கம் முடிந்ததும், மாடு பயிரை மேய்ந்ததா இல்லையா என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். தவறாகச் சொன்னால் அதே பக்கத்தை மறுபடி கேளுங்கள்.